மருந்தை எந்த ஜெல்லில் ஏற்றுவது?

எம்.பார்ம். ஆய்வுத் தலைப்பு முடிவாகும் நேரத்தில் மாணவர்களில் ஒருவராவது என்னிடம் இப்படி வந்து நிற்பார்: "ரத்தத்துல சர்க்கரை ஏறினா தானே திறந்து இன்சுலினை விடுற ஜெல் பண்ணலாம்னு இருக்கேன், சார்." ஆசையில் குறை இல்லை. 1979-லிருந்து பல நாட்டு ஆய்வகங்கள் அதே ஆசையோடு உழைக்கின்றன. நான் வேண்டாம் என்று சொல்வதில்லை, இரண்டு கேள்வி மட்டும் கேட்பேன். உள்ளே வைக்கப்போகும் மூலக்கூறு எவ்வளவு பெரியது? ஜெல் போய் உட்காரும் இடத்தில் எது மாறுகிறது, அது ஒருமுறை மாறுகிறதா, ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கிறதா?

வெப்பத்துக்கு அசையும் ஜெல், அமிலத்துக்கு அசையும் ஜெல், சர்க்கரைக்கு, நொதிக்கு, ஒளிக்கு என்று பாடப்புத்தகம் வரிசையாக அடுக்கும். அந்த வரிசையில் எல்லாமே சமமான வழிகளாகத் தெரியும். இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியாது.

முதல் கேள்வியிலிருந்து தொடங்குவோம். மதுரை ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினை ராத்திரி ஊறவைத்தால் காலையில் பல மடங்கு உப்பியிருக்கும். ஹைட்ரோஜெல்லும் அதே சாதிதான். நீரை விரும்பும் நீண்ட பாலிமர் இழைகள், ஆங்காங்கே முடிச்சு விழுந்த வலை, வலைக்குள் தண்ணீர். இழைகள் நீரை இழுப்பதால் உப்புகிறது, முடிச்சு இருப்பதால் கரைந்து போகாமல் நிற்கிறது. வலைக்கண்ணின் அகலம் பெரும்பாலும் சில நானோமீட்டரிலிருந்து நூறு நானோமீட்டர் வரை இருக்கும். கண் அழுத்த நோய்க்குத் தரும் டைமலால் ஒரு நானோமீட்டரை ஒட்டிய சிறு மூலக்கூறு. அதை வலையின் அடர்த்தியை மட்டும் நம்பி ஜெல்லில் வைப்பது மீன்வலையில் கடுகைக் கட்டுவது மாதிரி. இன்சுலின் 5.8 கிலோடால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடை. ஆன்டிபாடி என்றால் 150 கிலோடால்டன், அகலம் பத்து நானோமீட்டர் அளவில். ஆக, சிறு மருந்தைத் தாமதப்படுத்த வேண்டுமானால் ஜெல் கரையும் வேகத்தையோ, மருந்து இழையோடு ஒட்டும் பலத்தையோ, மருந்தைக் கரையாத துகளாக உள்ளே வைப்பதையோதான் நம்ப வேண்டும். வலைக்கண் உண்மையிலேயே கதவாக வேலை செய்வது பெரிய புரதத்துக்குத்தான்.

பாதாம் பிசினைக் கட்டியாகப் போட்டால் ஊற இரவு முழுக்க ஆகும், பொடித்துப் போட்டால் சீக்கிரம் ஊறிவிடும். இதன் கணக்கை எம்.ஐ.டி.யில் டொயோய்ச்சி தனாகாவும் ஃபில்மோரும் 1979-ல் எழுதினார்கள். ஜெல் உப்புவதற்கு ஆகும் நேரம் அதன் அளவின் இருமடிக்கு ஏற்பக் கூடும். ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஜெல்லுக்கு மணிக்கணக்கு ஆகலாம், ஒரு மைக்ரான் துகளுக்கு ஒரு நொடிகூட ஆகாது. இட்லி சாப்பிட்டு அரைமணியில் ஏறும் சர்க்கரையை, மணிக்கணக்கில் அசையும் ஒரு ஜெல் கட்டி எப்படித் துரத்திப் பிடிக்கும்? இதை மாணவரிடம் கேட்டால் கொஞ்ச நேரம் அமைதியாகிவிடுவார்.

ஒருமுறை மட்டும் மாறும் இடங்கள்

வெப்பநிலைக்கு அசையும் ஜெல் என்று சொன்னதும் இரண்டு பொருள்கள் நினைவுக்கு வரும். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு.

ஒன்று, ஆய்வகப் பேச்சில் பிநிபாம் எனப்படும் பாலி-என்-ஐசோப்ரோபைல் அக்ரிலமைடு. இதன் கரைசல் சுமார் 32 டிகிரியில் திடீரென்று மனம் மாறும். அதற்குக் கீழே இழைகள் நீரோடு கைகோத்து விரிந்திருக்கும், மேலே போனால் நீரைக் கைவிட்டுச் சுருண்டுவிடும். உடல் வெப்பத்துக்குக் கொஞ்சம் கீழே இப்படி ஒரு புள்ளி கிடைத்ததால் ஆயிரக்கணக்கான கட்டுரைகள் வந்துவிட்டன. ஆனால் முடிச்சுப் போட்ட பிநிபாம் ஜெல்லைச் சூடாக்கினால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி ஒரு தோல் போல இறுகும். முதலில் கொஞ்சம் மருந்தைப் பிழிந்து தள்ளிவிட்டு, அப்புறம் மிச்சத்தை உள்ளேயே பூட்டிக்கொள்ளும். இந்தப் பாலிமர் உடலில் சிதைவதும் இல்லை, அதன் இழையைக் கட்டும் ஒற்றை மூலக்கூறு நரம்புக்கு நச்சு. இது சோபித்த இடம் உடலுக்கு வெளியே. தோக்கியோவில் டெருவோ ஒகானோவின் குழு வளர்ப்புத் தட்டில் இதை மெல்லிய பூச்சாகப் பூசி, 37 டிகிரியில் செல்களை வளர்த்து, தட்டைக் குளிர வைத்ததும் அவற்றை நொதி எதுவும் சேர்க்காமல் முழு விரிப்பாக உரித்தெடுத்தது. மருந்தை உடலுக்குள் ஊசியில் ஏற்றுவதற்கு நான் பிநிபாமைப் பரிந்துரைப்பதில்லை.

இன்னொன்று போலோக்சமர் 407. இரு முனையும் நீரை விரும்பும், நடுப்பகுதி வெறுக்கும். குளிரில் நீர்மமாக ஓடும். சூடானதும் நடுப்பகுதிகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து உருண்டைகளாகி, உருண்டைகள் நெருங்கி அடுக்காகி ஜெல்லாகும். 18 முதல் 20 சதவீதக் கரைசல் அறை வெப்பத்தை ஒட்டி உறையும். முடிச்சுப் போட வேதிவினை எதுவும் வேண்டாம். புரதத்தைக் குளிர்ந்த கரைசலில் மெதுவாகக் கலக்கிவிட்டால் போதும். நீர்மமாக இருக்கும்போதே 0.22 மைக்ரான் வடிகட்டியில் தள்ளிக் கிருமி நீக்கலாம். உறைந்த ஜெல்லை எந்த வடிகட்டியிலும் தள்ள முடியாது என்பது அனுபவப்பட்டவர்களுக்குத்தான் தெரியும். சித்திரை மாதத்துச் சென்னையில் ஏசி ஓடாத ஆய்வகத்தில் இதைச் செய்ய முயன்றவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். பொருள் ஊசிக்குழலுக்குள்ளேயே உறைந்து, ஐஸ் பெட்டியைத் தேடி ஓட வைக்கும்.

இந்தப் பண்பை வைத்து உண்மையான மருந்துகள் வந்திருக்கின்றன. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர் இறங்கும் மேல்பாதையில் வரும் தீவிரம் குறைந்த புற்றுநோய்க்கு, மைட்டோமைசின் கலந்த ஜெல்மைட்டோ 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அந்தப் பாதையில் வெறும் கரைசலை ஊற்றினால் சிறுநீர் சில நிமிடங்களில் அடித்துக்கொண்டு போய்விடும். ஜெல்மைட்டோவைக் குளிர்ந்த நிலையில் குழாய் வழியே செலுத்துகிறார்கள். உள்ளே போய் உறைந்து, நான்கிலிருந்து ஆறு மணி நேரத்தில் சிறுநீரோடு கரைந்து வெளியேறுகிறது. வாரம் ஒருமுறை, ஆறு வாரம். அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் 71 பேரில் 42 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. அதே 71 பேரில் 31 பேருக்குச் சிறுநீர்க்குழாய் குறுகியது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். காதில் குழாய் வைக்கும் குழந்தைகளுக்கு நடுக்காதில் ஒரே ஒருமுறை செலுத்தும் சிப்ரோஃப்ளோக்சசின் மருந்து ஓட்டிப்ரியோ, 2015-ல் இதே போலோக்சமரில் அனுமதி பெற்றது.

இரண்டிலும் வெப்பம் செய்யும் வேலையைக் கவனியுங்கள். வெளியே நீர்மம், உள்ளே திடம், அவ்வளவுதான். உடலுக்குள் போனபின் எப்போதும் 37 டிகிரிதான், எனவே மருந்து வெளியேறும் வேகத்தை வெப்பநிலை ஆள்வதே இல்லை. ஜெல்லைச் சரியான இடத்தில் உட்கார வைத்ததோடு அதன் பங்கு முடிந்தது. இது குறைபோலத் தெரியும். எனக்கு இதுதான் பலம். ஒருமுறை நடக்கும் மாற்றத்தை நம்பலாம்.

போலோக்சமரின் பலவீனம், முடிச்சு இல்லாததால் உடல்நீரில் கரைந்துவிடும் என்பது. தோலுக்கடியில் வைத்தால் ஓரிரு நாள்தான் தாங்கும். வாரக்கணக்கில் நிற்க வேண்டுமென்றால் லாக்டிக், கிளைகாலிக் அமிலத் தொடர்களை இரு முனையிலும் வைத்த பாலிஎத்திலீன் கிளைகால் ஜெல் உண்டு. அதுவும் குளிரில் ஓடும், உடலில் உறையும். ஆனால் அது சிதையும்போது அமிலம் விடும். அந்த அமிலச் சூழலில் பல புரதங்கள் உரு குலையும். சிறு மருந்துக்கு நல்ல தேர்வு, புரதத்துக்கு ஐயத்தோடுதான்.

கண்ணில் இதே கதை உப்பை வைத்து நடக்கிறது. கண்ணில் விடும் ஒரு சொட்டு முப்பது, நாற்பது மைக்ரோலிட்டர். கண் வழக்கமாகப் பிடித்து வைத்திருக்கும் நீரோ பத்து மைக்ரோலிட்டருக்குள். மிச்சம் கன்னத்தில் வழிகிறது, உள்ளே நிற்பதையும் கண்ணீர் கழுவிவிடுகிறது. ஜெல்லன் என்ற நுண்ணுயிர்ப் பிசின் கண்ணீரில் உள்ள சோடியத்தைத் தொட்டதும் ஜெல்லாகும். அதில் டைமலாலை வைத்து டைமாப்டிக்-எக்ஸ்இ வந்தது. வழக்கமான டைமலால் சொட்டு நாளுக்கு இருமுறை என்றால், இது ஒருமுறை. பெரிய வித்தையெல்லாம் இல்லை. ஆனால் தினமும் கண்ணில் மருந்து விடும் எழுபது வயதுப் பாட்டிக்கு இரண்டு ஒன்றாவது பெரிய விஷயம்.

அமிலத்தன்மைக்கு வருவோம். வயிற்றில் பிஎச் 1-லிருந்து 3, சிறுகுடலில் 6-லிருந்து 7.4. உடலுக்குள் வேறெங்கும் இவ்வளவு தெளிவான எல்லைக்கோடு கிடைக்காது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் நிக்கோலஸ் பெப்பாஸ் பல ஆண்டுகள் உழைத்த மெத்தாக்ரிலிக் அமில ஜெல் வயிற்றில் சுருண்டு புரதத்தைப் பூட்டி வைக்கும், குடலில் அமில முனைகள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ள, உப்பித் திறக்கும். அழகான வேதியியல். சிக்கல் என்னவென்றால், கதவைத் திறப்பது பாதி வேலைதான். வெளியே வந்த இன்சுலினைக் குடலின் நொதிகள் வெட்டும். தப்பியது குடல் சுவரைத் தாண்ட முடியாமல் நிற்கும். வயிறும் எப்போதும் பிஎச் 2-ல் இருக்காது, சாப்பிட்டவுடன் 4-ஐத் தாண்டும். 2019-ல் மாத்திரையாக வந்த செமாகுளூட்டைடு என்ற நீரிழிவு மருந்து இந்த ஜெல் வழியில் போகவே இல்லை. உறிஞ்சுதலைத் தூண்டும் ஒரு சிறு உப்பைச் சேர்த்து வயிற்றிலேயே கடத்தினார்கள். அப்படியும் சுமார் ஒரு சதவீதம்தான் ரத்தத்துக்குப் போகிறது.

புற்றுக்கட்டியைச் சுற்றி அமிலம் கூடுதல், அதை வைத்து ஜெல்லைத் திறக்கலாம் என்ற யோசனையோடும் சிலர் வருவார்கள். 7.4-க்கும் 6.8-க்கும் உள்ள இடைவெளி மிகக் குறுகல், கட்டிக்குக் கட்டி வேறுபடும். நான் ஊக்கப்படுத்துவதில்லை.

ஓயாமல் மாறும் சர்க்கரை

சரி, இன்சுலினுக்கு வருவோம். சர்க்கரையை உணரும் ஜெல்லுக்கு மூன்று வழிகள் உண்டு.

ப்ரௌன்லியும் செராமியும் 1979-ல் கான்கனவாலின் ஏ என்ற, சர்க்கரையைப் பிடிக்கும் தாவரப் புரதத்தை எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை ஒட்டிய இன்சுலினை அது பிடித்து வைத்திருக்கும். ரத்தச் சர்க்கரை ஏறினால் இன்சுலினைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைச் சர்க்கரை பிடிக்கும். கருத்து இன்றும் பிரமாதம். ஆனால் அந்தத் தாவரப் புரதம் ஜெல்லிலிருந்து கசிந்தால் உடல் அதை எதிரியாகவே பார்க்கும்.

இரண்டாவது வழி குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் நொதி. அது சர்க்கரையைக் குளுக்கோனிக் அமிலமாக்கும், அமிலத்துக்கு அசையும் ஜெல் திறக்கும். தேர்வில் எழுத எளிதான வழி. ஆனால் நொதிக்கு ஆக்ஸிஜன் வேண்டும். திசுவில் ஆக்ஸிஜன் சர்க்கரையைவிட மிகமிகக் குறைவு. எனவே சர்க்கரை எவ்வளவு ஏறினாலும் நொதியின் வேகத்தை ஆக்ஸிஜன்தான் தீர்மானிக்கும். துணை விளைபொருளாக ஹைட்ரஜன் பெராக்சைடு வரும், அது நொதியையும் கெடுக்கும், பக்கத்தில் இருக்கும் இன்சுலினையும் கெடுக்கும். இதை அடக்க கேட்டலேஸ் என்ற இன்னொரு நொதியைச் சேர்ப்பார்கள். அப்புறம் நொதிக்கே ஆயுள் உண்டு. இரண்டு மாதம் கழித்து அது பாதி வேலைதான் செய்கிறது என்றால் நோயாளியின் கணக்கு என்னாகும்?

மூன்றாவது, சர்க்கரையைப் பிடிக்கும் சிறு மூலக்கூறான ஃபினைல்போரானிக் அமிலம். நொதியும் இல்லை, புரதமும் இல்லை, முழுக்கச் செயற்கை. அதனால் நொதியைப்போல் சீக்கிரம் கெடாது. ஜப்பானிய ஆய்வாளர் கட்டோகாவின் குழு 1998-ல் இதைப் பிநிபாமோடு இணைத்து, சர்க்கரை குறைந்தால் ஜெல்லின் மேல்தோல் இறுகி இன்சுலினை அடைப்பதையும், கூடினால் தளர்ந்து விடுவதையும் காட்டியது. நான் மேலே குறை சொன்ன அதே தோல் இங்கே கதவாக வேலைக்கு வந்தது. அடிக்கோடிட வேண்டியது வேறொன்று. சாதாரண ஃபினைல்போரானிக் அமிலம் நன்றாக வேலை செய்வது பிஎச் 9-ஐ ஒட்டி. உடலோ 7.4. எலக்ட்ரானை இழுக்கும் குழுக்களை ஒட்டவைத்து அதைக் கீழே கொண்டுவரலாம், கொண்டுவந்தும் இருக்கிறார்கள். ஆனால் அது குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸை அதிகம் விரும்புகிறது, லாக்டேட்டும் குறுக்கே வரும். ஓடிப் பயிற்சி செய்பவரின் ரத்தத்தில் லாக்டேட் ஏறும். அந்த நேரத்தில் இன்சுலின் திறந்துகொண்டால் ஆபத்து.

மூன்றுக்கும் பொதுவான பயம் திறக்காமல் போவதல்ல, மூடாமல் போவது. சர்க்கரை 300 ஆனால் நோயாளி சோர்ந்து போவார், வந்து பார்க்க நேரம் இருக்கும். 40-க்கு இறங்கினால் நேரமே இருக்காது. ஒரு வார இன்சுலினைச் சுமக்கும் ஜெல் ஒரே இரவில் சிதைந்தால் என்ன என்ற கேள்விக்குப் பதில் இல்லாத வடிவமைப்பை ஆய்வேட்டில் எழுதலாம், ஊசியில் ஏற்றக் கூடாது. சர்க்கரை உணரும் இன்சுலினில் இன்று வேகமாக நகரும் ஒரு திசை ஜெல்லை விட்டுவிட்டு இன்சுலின் மூலக்கூறிலேயே சுவிட்ச் வைப்பது. 2024-ல் நோவோ நோர்டிஸ்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட என்என்சி2215 அப்படிப்பட்டது. மூலக்கூறு அளவில் மாற்றம் நடப்பதால் தடிமனின் இருமடிக் கணக்கு அங்கே இடிக்காது.

நொதிக்கு அசையும் ஜெல்லை இதோடு சேர்க்காதீர்கள். மாரடைப்புக்குப் பின் இதயத் தசையில் எம்எம்பி நொதிகள் பெருகி திசுவை அரிக்கும். பென்சில்வேனியாவில் ஜேசன் பர்டிக் குழு அந்த நொதியாலேயே வெட்டப்படும் முடிச்சுகளைக் கொண்ட ஹயலுரோனிக் அமில ஜெல்லில், அதே நொதியை அடக்கும் புரதத்தை வைத்தது. நொதி கூடினால் ஜெல் வெட்டுப்படும், அடக்கும் புரதம் வெளியே வரும், நொதி குறையும். 2014-ல் பன்றிகளில் செய்து காட்டினார்கள். இங்கே தூண்டலும் நோயும் ஒன்றே, நாள்கணக்கில் நடப்பதால் வேகமும் வேண்டாம், வலை பெரிய புரதத்தையும் பிடிக்கும். புரதம் சுமக்கும் உணரும் ஜெல்களில் என் ஓட்டு இதற்குத்தான். ஒரு குறை உண்டு. ஒரு நோயாளியின் நொதி அளவு இன்னொருவரிடம் இருக்காது, மருந்தளவு உறுதியாகச் சொல்வது கடினம்.

ஒளி? 365 நானோமீட்டர் புற ஊதா தோலில் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் தீர்ந்துவிடும். கண்ணுக்கும் மேல்தோல் காயத்துக்கும் யோசிக்கலாம், மற்றபடி வளர்ப்புத் தட்டுக்கு அருமையான கருவி.

எதற்கும் அசையாதவை

மாணவர்கள் ஒப்பீட்டுப் பட்டியலில் சேர்க்க மறப்பது இவற்றைத்தான். 1960-ல் பிராகில் விக்தர்லேயும் லிம்மும் அறிவித்த ஹெச்இஎம்ஏ (ஹைட்ராக்சிஎத்தில் மெத்தாக்ரிலேட்) ஜெல்தான் மென்மையான கான்டாக்ட் லென்ஸுக்கு வழி திறந்தது. விக்தர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில் குழந்தைகளின் விளையாட்டுப் பாகங்களை வைத்து வீட்டிலேயே லென்ஸ் வார்க்கும் எந்திரம் செய்தவர். அதே வேதிக் குடும்பத்தில் செய்த சின்னக் குழாய்க்குள் ஹிஸ்ட்ரெலின் என்ற சின்னப் பெப்டைடை 50 மி.கி. வைத்துக் கைத்தோலுக்கடியில் பதித்தால், நாளுக்கு 65 மைக்ரோகிராம் வீதம் ஒரு வருடம் விடும். வயதுக்கு முன்பே பூப்படையும் குழந்தைகளுக்கு 2007 முதல் இது கிடைக்கிறது. பிரசவ வலி தூண்ட வைக்கும் செர்விடில்லில் 10 மி.கி. டைனோப்ரோஸ்டோன் மணிக்கு சுமார் 0.3 மி.கி. வீதம் வரும். அதில் ஒரு நாடா தொங்கும், தாய்க்கோ சேய்க்கோ ஏதாவது கோளாறு என்றால் இழுத்து வெளியே எடுத்துவிடலாம். எந்த உணர்வியும் இல்லாத அந்த நாடாதான் எனக்குத் தெரிந்த சிறந்த 'நிறுத்தும் பொத்தான்'.

நீரில் தானே அவிழும் பாலிஎத்திலீன் கிளைகால் ஜெல் இன்னொரு வகை. கண் அறுவைக்குப் பின் கண்ணீர்த் துளைக்குள் செருகும் டெக்ஸ்டென்சா, அழற்சியை அடக்கும் டெக்சாமெத்தசோனை 0.4 மி.கி. அளவில் முப்பது நாள் விட்டுவிட்டு மறைந்துபோகும். அனுமதி 2018. மாதக்கணக்கில் புரதம் தேவை என்றால் நான் இந்த வகையில்தான் தொடங்குவேன். அவிழும் முடிச்சின் வேகத்தை வேதியியலில் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளலாம், உடலின் மனநிலையைக் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் புரதத்தை எப்படி உள்ளே வைப்பது? ஜெல் ஆனபின் ஊறவைத்தால் பெரிய புரதம் உள்ளே போக நாளாகும், போவதும் கொஞ்சம்தான். ஜெல் ஆகுமுன் கலந்தால் முடிச்சுப் போடும் வேதிவினை புரதத்தையும் சேர்த்து முடிச்சுப் போடக்கூடும். புரதத்தில் உள்ள லைசின், சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் பல முடிச்சு வினைகளுக்கு நல்ல இரை. தனியுறுப்பு (ஃப்ரீ ராடிக்கல்) வினையில் உண்டாகும் ஜெல்லில் வைத்தால் அந்தத் தனியுறுப்புகளும் தாக்கும். போலோக்சமரின் எளிமை இங்கேதான் மறுபடி கவர்கிறது, அதன் குறுகிய ஆயுள் மறுபடி கையைப் பிடிக்கிறது. எஃப்ஜிஎஃப் போன்ற வளர்ச்சிக் காரணிகளுக்கு, அதாவது செல்களை வளரத் தூண்டும் புரதங்களுக்கு, ஒரு நடுவழி உண்டு. அவை இயல்பாகவே ஹெபரின் என்ற சர்க்கரைத் தொடரோடு ஒட்டும். ஜெல்லில் ஹெபரினைக் கோத்துவிட்டால் வலைக்கண் பெரிதாக இருந்தாலும் புரதம் மெதுவாகத்தான் விடுபடும்.

இப்போது என்னிடம் வரும் மாணவருக்கு நான் சொல்வது இப்படி இருக்கும். சிறு மருந்து, சில மணி நேரம், ஓரிடத்தில் தங்க வேண்டும் என்றால் போலோக்சமர். கண்ணின் மேற்பரப்பு என்றால் ஜெல்லன். ஒரு வருடம், சின்னப் பெப்டைடு, எடுத்துவிடவும் முடிய வேண்டும் என்றால் பதிக்கும் குழாய். ஆன்டிபாடி, ஒரு மாதம் என்றால் அவிழும் பாலிஎத்திலீன் கிளைகால். ஆறாத புண்ணில் வளர்ச்சிக் காரணி என்றால் எம்எம்பி வெட்டும் ஜெல், ஹெபரின் சேர்த்து. இன்சுலின்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், ஃபினைல்போரானிக் அமிலத்தில் மைக்ரான் துகள்கள். ஆனால் ஆய்வேட்டின் தலைப்பில் 'ஃப்ரக்டோஸ், லாக்டேட் குறுக்கீடு' என்ற சொற்கள் இருக்க வேண்டும்.

எதை எடுத்தாலும் ஒரு சோதனை முதலில். புரதம் ஏற்றிய ஜெல்லை 37 டிகிரியில், பிஎச் 7.4 கரைசலில் இரண்டு வாரம் வைக்கச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் எவ்வளவு புரதம் வெளியே வந்தது என்று அளந்து அழகான வளைகோடு வரைந்து வருவார்கள். அந்த வளைகோட்டை ஓரமாக வைத்துவிட்டு, வெளியே வந்ததில் எவ்வளவு இன்னும் வேலை செய்கிறது, உள்ளே மிச்சமிருப்பது எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பேன். பாதிப் பேர் அன்று மாலையே ஜெல்லை மாற்றிவிட்டு வருவார்கள்.